வீட்டுவேலை யாருடைய கடன்?

கடமை என்பது யாது என்னும் வினா மெய்யியலிற் பழமையானது. அக்கடமை யாருக்குரியது என்னும் வினாவோ மனிதருக்கு அதனினும் நெருக்கமானது. செய்யவேண்டியது இன்னதென்பதில் எல்லோரும் உடன்பட்டிருக்க, அதனைச் செய்யவேண்டியவர் யார் என்பதிலே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்கும் நிலை வாழ்விலே பலகாலும் நேருகின்றது. ஆரம்பப் பாடசாலைப் பிள்ளையின் வீட்டுவேலை அத்தகையதொன்று. பிள்ளை கற்கவேண்டும் என்பதில் ஆசிரியருக்கும் பெற்றாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வீட்டிலே அதற்குத் துணை வேண்டும் என்பதையும் எவரும் மறுப்பதில்லை. ஆயின் அத்துணை எத்தகையது, எவ்வளவினது, அதனைக் கொடுக்க இயலாத வீட்டின் நிலை யாது என்று கேட்கப்படும்பொழுதே சிக்கல் தோன்றுகின்றது. கொப்பியின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும் இச்சிறு விடயத்தில் அறவியலுக்கு என்ன இடமுண்டு எனச் சிலர் வினவலாம். ஒரு பிள்ளை தான் தகுதியுடையவனா தகுதியற்றவனா என்பதை முதன்முதலாக அறிந்துகொள்வது அந்தப் பக்கத்திலேதான் என்பது அவர்களுக்குரிய விடையாகும்.

வல்வெட்டித்துறையின் கடற்கரையை அடுத்த ஒழுங்கையொன்றில் ஒரு மாலைப் பொழுதை மனத்தில் எண்ணிப் பார்க்கலாம். நான்காந் தரத்திலே ஒரே வாங்கில் அமரும் மூன்று பிள்ளைகள், ஒரே ஐந்து பிரித்தற் கணக்குகளைக் கரும்பலகையிற் பார்த்தெழுதிக்கொண்டு வீடு திரும்புகின்றனர். முதலாவது பிள்ளையின் தாய் அரச அலுவலகமொன்றிற் பணிபுரிபவர். தேநீர் குடித்த கையோடு பிள்ளையின் அருகில் அமர்கிறார். பிழைத்த இடத்தைச் சுட்டுகிறார். அரைமணி நேரத்தில் வேலை முடிகின்றது. இரண்டாவது பிள்ளையின் தந்தை பொழுது சாயும் வேளையிற் கடலுக்குச் சென்று விடியற்காலையிற் கரை சேருபவர். தாயின் மடியிலே கைக்குழந்தை. அவர் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சந்தைக் கணக்கை மனத்தினாற் போடவல்லவர். ஆயினும் பிரித்தலைக் கொப்பியில் எழுதும் முறை அவர் கற்ற முறையன்று. தமக்குத் தெரிந்தவாறு அவர் சொல்லத் தொடங்க, “ரீச்சர் இப்பிடிச் சொல்லித் தரேல்லை, அம்மா” என்கிறது பிள்ளை. தாய் மௌனமாகிறார். மூன்றாவது பிள்ளை அம்மம்மாவோடு இருப்பது. தந்தையும் தாயும் வெளிநாட்டில். கைத்தொலைபேசியின் வழியாகக் கணக்குகள் கடல் கடந்து செல்கின்றன. விடைகள் திரும்பி வருகின்றன. பிள்ளை அவற்றை அழகாக எழுதிக்கொள்கிறது.

மறுநாட் காலையிலே மூன்று கொப்பிகளும் ஆசிரியரின் மேசைக்குச் செல்கின்றன. முதலாவதும் மூன்றாவதும் முற்றாகச் சரி. இரண்டாவதில் இரண்டு கணக்குகள் பிழை, மூன்று செய்யப்படவில்லை. முதலிரு கொப்பிகளுக்கும் நட்சத்திரமும், எஞ்சிய கொப்பிக்கு “வீட்டிற் கவனிக்கவும்” என்னும் சிவப்பு மைக் குறிப்பும் கிடைக்கின்றன. இங்கு ஆசிரியர் தீங்கு எதுவும் எண்ணியவரல்லர். தம் கண்முன் இருந்த தாள்களை நேர்மையாகவே திருத்தினார். எனினும் அத்தாள்களிற் பதிந்திருந்தது மூன்று பிள்ளைகளின் கணித அறிவன்று; மூன்று வீடுகளின் நிலையே. மேலும், பிரித்தலைச் சற்றும் விளங்கிக்கொள்ளாத பிள்ளை மூன்றாவதாக இருந்திருக்கக்கூடும். தானே முயன்று இரண்டு பிழைகளைச் செய்த பிள்ளையே உண்மையில் அன்றிரவு கணிதம் செய்தது எனலாம். அவ்வாறாயின், வீட்டிற் கவனிக்கவும் என்னும் கட்டளை யாரை நோக்கியது? அதனை நிறைவேற்ற இயலாத தாய் கடமை தவறியவரா?

இவ்வினாவுக்கு விடை காணுமுன் இந்நாட்டின் கல்வி வரலாற்றைச் சிறிது நோக்குதல் தகும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், 1943 இல் வெளிவந்த விசேட குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980 இல் பாடநூல்களும் 1993 இல் சீருடைத் துணியும் இலவசமாயின. 1998 முதல் ஐந்து வயது தொடக்கம் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லுதல் கட்டாயமாக்கப்பட்டது. 2016 இல் அவ்வெல்லை பதினாறு வயதாக உயர்த்தப்பட்டது. இவ்வொவ்வொரு நடவடிக்கையும் ஒரே கருத்தின் வளர்ச்சியாகும். பெற்றாரின் பொருள்நிலை பிள்ளையின் கல்விக்குத் தடையாகலாகாது என்பதே அக்கருத்து. கட்டணம் என்னும் சுவர் இவ்வாறு இடிக்கப்பட்டது. ஆயினும் வீட்டில் ஓய்வுள்ள ஒருவர், எழுதப் படிக்க நன்கறிந்த ஒருவர், பாடசாலையின் புதிய முறைகளை உணர்ந்த ஒருவர் இருத்தல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு இன்னொரு கட்டணமாக நிலைத்துவிட்டது. இதற்குப் பற்றுச்சீட்டு இல்லை. ஆதலின் இது கண்ணுக்குப் புலப்படுவதுமில்லை.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு, பஸ்ரனோடு இணைந்து 1964 இலும் 1970 இலும் வெளியிட்ட நூல்களில் இதனையொத்த உண்மையை எடுத்துக்காட்டினார். பாடசாலை, சில வீடுகளிலே பிள்ளைகள் இயல்பாகப் பெற்றுக்கொள்ளும் மொழியையும் பழக்கங்களையும் எல்லாப் பிள்ளைகளிடமும் எதிர்பார்க்கின்றது. தான் கற்பிக்காத ஒன்றைத் தானே பரீட்சிக்கின்றது. இறுதியிலே வீட்டின் வேறுபாட்டைத் திறமையின் வேறுபாடாக அறிவிக்கின்றது. இவ்விளக்கம் பிரான்சைப் பற்றியதாயினும், வல்வெட்டித்துறையின் மூன்று கொப்பிகளுக்கும் பொருந்துமாறு அமைந்துள்ளமை கருதத்தக்கது.

இலங்கையின் ஆரம்பக் கல்வித் திட்டம் இதனை அறியாததன்று. 1999 முதல் நாடளாவிய ரீதியில் நடைமுறைப்படுத்தப்பட்ட ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதலாம் இரண்டாந் தரங்களில் வழிகாட்டப்பட்ட விளையாட்டுக்கே முதலிடம் கொடுத்தது. எழுத்து வேலை தரந்தோறும் படிப்படியாகக் கூடி, ஐந்தாந் தரத்திலேயே மேலோங்கவேண்டும் என வகுத்தது. திட்டம் இவ்வாறிருக்க, ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் கீழ்வகுப்புகள் மீதும் நீண்டு விழுந்தது. வசதியற்ற வீட்டிற் பிறந்த திறமைசாலியான பிள்ளைக்கு உயர்ந்த பாடசாலையின் கதவைத் திறத்தலும் உதவிப்பணம் அளித்தலும் இப்பரீட்சையின் நோக்கங்களாகும். அதே பரீட்சைக்காக எட்டு வயதிலேயே தொடங்கும் பயிற்சித் தாள்களும், மாலை நேரத் தனியார் வகுப்புகளும், இரவு நேர வீட்டுவேலையும் வசதியுள்ள வீட்டுக்கே பெரிதும் துணைபோவது வரலாற்றின் முரண்களுள் ஒன்றெனலாம்.

வடமராட்சியைப் பொறுத்தவரை இதனோடு வேறொரு நிலைமையும் சேர்ந்துகொள்கின்றது. இன்றைய ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளின் பெற்றாரிற் பலர் போர்க்காலத்திற் பிறந்து வளர்ந்தவர்கள். 1987 மே மாதத்தில் வடமராட்சியில் நடைபெற்ற இராணுவ நடவடிக்கையும், 1989 ஆகஸ்ட் மாதத்தில் வல்வெட்டித்துறையிற் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டமையும் அவர்களுடைய குடும்பங்களின் நினைவிலிருந்து நீங்காதவை. 1990 இன் பின்னர் மின்சாரமற்ற ஆண்டுகளிலே, ஜாம் போத்தலில் எரிந்த சிறு திரியின் வெளிச்சத்திலேயே குடாநாட்டுப் பிள்ளைகள் படித்தனர். 1995 ஒக்ரோபரில் வலிகாமம் இடம்பெயர்ந்தபொழுது வடமராட்சிப் பாடசாலைகள் பல அகதிகளின் உறைவிடங்களாயின. இவ்விடையூறுகளின் நடுவே கல்வியைத் தொடர்ந்தோரும் உளர். இடையில் நிறுத்தியோரும் உளர். அந்நாளிற் பள்ளியை விட்டவரிடம் இன்று பிள்ளையின் கொப்பி நீட்டப்படுகின்றது. அவரிடம் விருப்பமில்லை என்று கூறுவது உண்மைக்கு மாறானது. அவருக்குக் கொடுக்கப்படாத ஒன்றை அவர் கொடுக்கவேண்டும் எனக் கேட்கப்படுகின்றது.

“அந்த விளக்கிலே நாங்கள் படிக்கவில்லையா?” என்று கேட்போர் உண்டு. இவ்வினா மதிப்புக்குரிய ஓர் அனுபவத்தினின்றும் எழுவது. ஆயினும் அதனுள் ஒரு தவறான முடிபு மறைந்துள்ளது. விளக்கொளியிற் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தவர் தம் கதையைச் சொல்ல இருக்கிறார். எண்ணெய் தீர்ந்து திரி அணைந்த வீட்டின் பிள்ளை அக்கதையைச் சொல்ல இந்த அவைக்கு வருவதில்லை. வென்றவரின் சான்றை மட்டும் கொண்டு யாவருக்கும் விதி வகுப்பது நீதியாகாது. 2020 இலே தொற்றுநோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, கைத்தொலைபேசி உள்ள வீட்டுக்கே வகுப்பறை சென்றது. 2022 இலே மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டினாற் படகுகள் கரையிற் கிடந்தபொழுது, கொப்பி வாங்குவதே சில வீடுகளுக்குப் பெருஞ்செலவாயிற்று. வீடுகள் ஒரே தன்மையின அல்ல என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் நாடறியக் காட்டின.

இனி அறவியலுக்கு வரலாம். ஒருவர் ஒன்றைச் செய்யவேண்டும் என்று கூறுவதற்கு அவர் அதனைச் செய்ய வல்லவராயிருத்தல் வேண்டும் என்பது, இமானுவேல் கான்றின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கோட்பாடாகும். நீந்தத் தெரியாதவர் நீரில் வீழ்ந்தவரைக் காப்பாற்றவில்லை என்று அவரைக் குற்றஞ்சாட்டுவது பொருந்தாது; அவர் கூக்குரலிட்டு உதவிக்கு ஆள் அழைக்கவில்லையாயின் குற்றஞ்சாட்டலாம். இவ்வேறுபாடு நுட்பமானது, பயனுள்ளதுமாகும். இயலாமை ஒருவரை எல்லாக் கடமைகளினின்றும் விடுவிப்பதில்லை. அவருக்கு இயன்ற கடமை எதுவோ அதனை அது தெளிவாக்குகின்றது. பிரித்தற் கணக்கைக் கற்பித்தல் அந்தத் தாயின் கடமையன்று. பிள்ளை முயன்றது, இவ்விடத்தில் நின்றுவிட்டது என்று ஆசிரியருக்கு அறிவித்தல் அவருடைய கடமையாகலாம்.

கடமைகளைப் பங்கிடும் சிந்தனை தமிழருக்குப் புதிதன்று. புறநானூற்றிலே பொன்முடியார் பாடிய பாடலொன்று, ஒரு மகனை உருவாக்கும் பொறுப்பைப் பலரிடையே வகுத்துக் காட்டுகின்றது. தாய்க்கு ஒரு பங்கு. தந்தைக்கு ஒரு பங்கு. வேலை வடித்துக் கொடுக்கும் கொல்லனுக்கு ஒரு பங்கு. வேந்தனுக்கு ஒரு பங்கு. இறுதியில் மகனுக்கே உரிய பங்கு. அப்பாடலின் போர்க்கள அறத்தை இன்று ஏற்பதும் ஏற்காததும் வேறு விடயம். அப்பங்கீட்டின் ஒழுங்கு ஊன்றி நோக்கற்பாலது. கொல்லன் உலைக்களத்திற் செய்யவேண்டியதை அத்தாய் தன் அடுக்களையிற் செய்யுமாறு எவரும் கேட்கவில்லை. வேல் கூர்மையற்றிருந்தால் தாயைப் பழிப்பார் இல்லை. ஒவ்வொருவரும் தமக்கு இயன்றதையும் உரியதையும் செய்யுமிடத்து மகன் முழுமை பெறுகிறான். வீட்டில் எவரேனும் கற்பித்தாலன்றி முடிக்க இயலாத வீட்டுவேலையைக் கொடுக்கும் பாடசாலை, உலைக்களத்தின் வேலையை அடுக்களைக்கு அனுப்புகின்றது. வேல் மழுங்கியிருக்கும்பொழுது, தாய் சரியாக வடிக்கவில்லை என்று குறிப்பும் எழுதுகின்றது.

பிற நாடுகளும் இச்சிக்கலோடு போராடியுள்ளன. அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலம் 1901 இல், பதினைந்து வயதுக்குட்பட்ட மாணவருக்கு வீட்டுவேலை கொடுப்பதைச் சட்டத்தினால் தடுத்தது. அச்சட்டம் பின்னர் நீக்கப்பட்டது. பிரான்சு 1956 இல் வெளியிட்ட சுற்றறிக்கையின் மூலம், ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு எழுத்து வடிவிலான வீட்டுவேலை கொடுக்கலாகாதென விதித்தது. ஸ்பெயினிலே 2016 நவம்பரில் பெற்றார் சங்கங்களின் கூட்டமைப்பொன்று வார இறுதி வீட்டுவேலையைப் பகிஷ்கரிக்குமாறு அழைப்பு விடுத்தது. தமிழகத்திலே 2018 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், முதலாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக்கூடாதெனப் பணித்தது. சீனா 2021 யூலையில், முதலிரு வகுப்புகளுக்கு எழுத்து வீட்டுவேலையை நீக்கியது; மூன்று முதல் ஆறு வரையிலான வகுப்புகளுக்கு ஒரு மணி நேரத்தை எல்லையாக்கியது; பெற்றாரைக் கொண்டு வீட்டுவேலையைத் திருத்துவிக்கும் வழக்கத்தையும் தடைசெய்தது. திருத்தும் கடன் ஆசிரியருடையது என்னும் கருத்து அவ்விதியில் வெளிப்படையாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது.

வீட்டுவேலையாற் பயன் உண்டா என்பதும் ஆராயப்பட்டுள்ளது. ஹரிஸ் கூப்பரும் உடனாய்வாளரும் 2006 இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, அமெரிக்காவில் நடத்தப்பட்ட பல ஆய்வுகளை ஒருங்கே நோக்கியது. ஏழாந் தரத்துக்கும் அதற்கு மேற்பட்ட தரங்களுக்கும் உரிய மாணவரிடையே வீட்டுவேலைக்கும் அடைவுக்கும் இடையில் தெளிவான தொடர்பு காணப்பட்டது. ஆரம்ப வகுப்பு மாணவரிடையே அத்தொடர்பு நலிந்ததாயிருந்தது. இதனைக் கொண்டு சிறு பிள்ளைகளின் வீட்டுவேலை முழுவதும் வீண் என முடிவு செய்தல் அவசரமாகும். அதேவேளை, இத்துணை நலிந்த பயனுக்காக ஒரு தாயின் தன்மதிப்பையும் ஒரு பிள்ளையின் இரவையும் விலையாகக் கொடுக்கவேண்டுமா என வினவுவதற்கு அது இடமளிக்கின்றது.

தடைச் சட்டமே தீர்வு எனில், அதற்கும் மறுப்புகள் உள. முதலாவது மறுப்பு பழக்கத்தைப் பற்றியது. தனித்திருந்து முயலும் பழக்கம் இளமையிலே தோன்றவேண்டும். வீட்டுவேலை அதனை வளர்க்கும் என்பர். இது பெரிதும் உண்மையே. ஆயின் இவ்வாதம் பிள்ளை தானே செய்யக்கூடிய வேலைக்கு மட்டுமே பொருந்தும். பிறர் செய்துகொடுக்கும் வேலை தனித்து முயலும் பழக்கத்தை எவ்வாறு வளர்க்கும்? ஈர்க்கினாலும் மட்டைத்தாளினாலும் வீடொன்று செய்துவரும்படி கூறப்பட்ட பிள்ளை, பெரியவர்களின் கைத்திறன் வெளிப்படையாய்த் தெரியும் மாளிகையொன்றைச் சுமந்து வருகின்றது. அதிலே பிள்ளையின் பங்கு பெயர் எழுதியது மாத்திரமே. பிறர் செய்த வேலையின்மீது தன் பெயரை எழுதுவதே அப்பிள்ளை கற்ற முதற் பாடமாகிவிடுகின்றது. கோணலாக ஒட்டப்பட்ட சிறு குடிசையைக் கொண்டுவந்த பிள்ளை தலைகுனிந்து நிற்கின்றது. நேர்மைக்குத் தண்டனையும் நேர்மையின்மைக்குப் பரிசும் கிடைக்குமிடத்து வேறெந்த ஒழுக்கத்தைக் கற்பிப்பது?

இரண்டாவது மறுப்பு அன்பைப் பற்றியது. கற்றறிந்த பெற்றார் தம் பிள்ளைக்கு உதவாதிருத்தல் வேண்டுமோ? அவ்வாறு கேட்பது இயற்கைக்கு மாறானது. உறங்குமுன் பிள்ளைக்குக் கதை சொல்லும் தந்தையும் தம் பிள்ளைக்கு ஒரு மேன்மையைக் கொடுக்கின்றார். அதற்காக அவரைத் தடுத்தல் கொடுமை. திருக்குறளும் தந்தை மகனுக்குச் செய்யும் நன்மையாக, கற்றோர் நடுவே அவனை முன்னிற்கச் செய்தலையே கூறுகின்றது. ஆதலின் பெற்றாரின் உதவி குற்றமன்று. அவ்வுதவியைப் பிள்ளையின் திறமையாக எண்ணிப் புள்ளி வழங்குவதும், அவ்வுதவியின்மையைப் பிள்ளையின் குறையாக எண்ணித் தண்டிப்பதுமே குற்றமாகும். அன்பு வீட்டுக்குரியது, நடுநிலைமை பாடசாலைக்குரியது. வீடு தன் பிள்ளையைத் தனித்துப் பார்க்கலாம். பாடசாலை அவ்வாறு பார்க்கும் உரிமை உடையதன்று.

மூன்றாவது மறுப்பு ஆசிரியரின் பக்கத்தினின்றும் எழுவது; இதுவே மிகவும் கனமானது. முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அமர்ந்த வகுப்பறை. குறித்த நாளில் முடிக்கவேண்டிய பாடத்திட்டம். பெறுபேற்றைக் கொண்டு பாடசாலையை மதிப்பிடும் ஊர். இவற்றினிடையே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு கணக்கையும் விளங்கும்வரை கற்பித்தல் எவ்வாறு இயலும்? இயலாததைச் செய்யவேண்டியதில்லை என்னும் கோட்பாடு தாய்க்கு மட்டுமா, ஆசிரியருக்கில்லையா? மேலும், வீட்டுவேலை கொடாத ஆசிரியரைப் படிப்பியாதவர் என்று தூற்றுவோரும் பெற்றாரே. இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆசிரியரின் பளு உண்மையானது. ஆயினும் ஒருவருக்குப் பளு மிகுந்தால் அதனைத் தாங்க வல்லவரிடம் பகிர்வதே முறை. தம்மினும் வலுக்குறைந்தவரின் தோளில் இறக்கிவைப்பது முறையன்று. ஆசிரியராலேயே இயலாத ஒன்று, ஏழாம் வகுப்போடு நின்ற தாயால் இயலும் என எதிர்பார்ப்பதற்கு நியாயம் யாது? பளுவைக் குறைக்கும்படி கேட்கவேண்டிய இடம் கல்வித் திணைக்களமும், பாடத்திட்டத்தை வகுப்போரும், பெறுபேற்றைத் தவிர வேறெதனையும் காணாத ஊருமாகும். அவ்விடத்தில் ஆசிரியரும் பெற்றாரும் எதிரெதிரே நில்லாது ஒருங்கே நிற்றல் கூடும்.

இவற்றை நோக்குமிடத்து ஒரு வரையறை தெளிவாகின்றது. எந்த வீட்டாலும் கொடுக்கக்கூடியதைப் பாடசாலை வீட்டிடம் கேட்கலாம். சில வீடுகளால் மட்டுமே கொடுக்கக்கூடியதைக் கேட்கலாகாது. பிள்ளை அமர்வதற்கு ஒரு மூலையும், அரைமணி நேர அமைதியும், தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் அவ்வேளையில் விலக்கி வைத்தலும், நேரத்துக்கு உறக்கமும், நாள்தோறும் பாடசாலைக்கு அனுப்புதலும் எந்த வீடும் முயன்று கொடுக்கக்கூடியவை. செவி கொடுத்தலும் அவ்வாறானதே. எழுத்தறியாத அம்மம்மாவும், பேரப்பிள்ளை பாடநூலை உரத்து வாசிக்கக் கேட்டிருக்கலாம். வாசித்த கதையை மறுபடி சொல்லுமாறு கேட்கலாம். இவற்றைச் செய்யாத பெற்றாரைக் கடமை தவறியவர் என்று கூறுவதில் தவறில்லை. வறுமையின் பெயராலோ வேலையின் பெயராலோ எல்லாவற்றினின்றும் விலகிக்கொள்ளும் உரிமை வீட்டுக்கும் இல்லை.

பாடசாலையின் பங்கும் அதேயளவு தெளிவானது. வகுப்பிலே கற்பித்து முடிந்ததையே, பிள்ளை பிறர் துணையின்றிச் செய்யக்கூடிய அளவிலேயே, வீட்டுக்குக் கொடுத்தல் வேண்டும். செய்யப்படாத பக்கத்தைக் குற்றமாகக் கொள்ளாது, எங்கே விளங்கவில்லை என்பதை ஆசிரியருக்கு அறிவிக்கும் செய்தியாகக் கொள்ளுதல் வேண்டும். தாயின் கையினால் வந்த சரியான விடையினும் பிள்ளையின் கையினால் வந்த பிழையான விடை ஆசிரியருக்கு அதிகம் பயன்படும். ஏனெனிற் பிந்தியதே நாளைக் கற்பிக்கவேண்டியது யாது என்பதைக் காட்டுகின்றது. வீட்டில் இடமோ துணையோ இல்லாத பிள்ளைகளுக்கு, மாலையில் ஒரு மணி நேரம் பாடசாலையின் ஓர் அறையையோ சனசமூக நிலையத்தின் வாசிகசாலையையோ திறந்து வைத்தல், ஊர் செய்யக்கூடிய உதவியாகும். கல்வியைத் தனித்தனி வீட்டின் பொறுப்பாக விட்டுவிடாத மரபு வல்வெட்டித்துறைக்கு உண்டு. ஊரவர் பேணி வளர்த்த சிதம்பரக் கல்லூரியின் பெயரால், கடல் கடந்து பிரித்தானியாவிற் குடியேறியோர் இன்றும் சிறுவர்களுக்குக் கணிதப் போட்டி நடத்துகின்றனர். அந்த ஊக்கத்தின் ஒரு பகுதி, கடற்கரை ஒழுங்கையிலே தனித்துக் கணக்கோடு போராடும் பிள்ளையை நோக்கியும் திரும்புதல் தகும்.

இறுதியாக ஒன்று கூறவேண்டும். வீட்டினால் இயலாததைப் பற்றியே இதுவரை பேசப்பட்டது. வீட்டிடம் உள்ளதைப் பாடசாலை கேட்பதில்லை என்பதும் ஒரு குறையே. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அவ்வூர்க் கடலோடிகளால் செலுத்தப்பட்டு 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அக்கப்பலைக் கட்டியோரின் அளவையறிவும், செலுத்தியோரின் திசையறிவும் காற்றறிவும், வழிவழியாக வீட்டிலும் கரையிலும் கற்கப்பட்டவை. அவர்தம் வழிவந்த தந்தைக்குக் கொப்பியிற் பிரிக்கத் தெரியாதிருக்கலாம். வாடை எப்பொழுது எழும், சோளகம் எப்பொழுது பெயரும், வலை எத்தனை பாகம் நீளம் என்பன அவருக்குத் தெரியும். “வீட்டிலுள்ள வலையின் நீளம் எத்தனை பாகம் எனக் கேட்டு எழுதிவருக, அது ஏறக்குறைய எத்தனை மீற்றர் என நாளை வகுப்பிற் கணிப்போம்” என்று ஆசிரியர் கூறினால், அன்று அத்தந்தை வெட்கத்தோடு எழுந்து செல்லவேண்டியதில்லை. வெளிநாட்டிலுள்ள தந்தையிடம் விடைகளைக் கேட்கும் பிள்ளையும், அங்கே இப்பொழுது மணி எத்தனை, இங்கே எத்தனை, வேறுபாடு ஏன் என்று கேட்டு வரலாம். இத்தகைய வேலையிலே வீடு அறிந்ததைச் சொல்கின்றது. பாடசாலை அதனைப் பாடமாக்குகின்றது. பிள்ளை இரண்டுக்கும் இடையிலே தன் பங்கைச் செய்கின்றது.

“ரீச்சர் இப்பிடிச் சொல்லித் தரேல்லை” என்ற சொல்லைக் கேட்டு மௌனமான தாயிடம் மீண்டும் வரலாம். அம்மௌனத்திலே அவர் தம்மைக் குற்றவாளியாக எண்ணிக்கொள்கிறார். அது அவர் ஏற்கவேண்டிய பழியன்று. கைக்குழந்தையைத் தோளிற் சாய்த்தபடி, “தெரிஞ்ச அளவுக்குச் செய், பிள்ளை, மிச்சத்தை நாளைக்கு ரீச்சரிட்டைக் கேள்” என்று அவர் கூறுவாராயின், தம் கடமையை முற்றாகச் செய்தவராவார். மறுநாள் அப்பிள்ளை அச்சமின்றி எழுந்து கேட்கக்கூடிய வகுப்பறையை அமைத்து வைத்திருத்தலே பாடசாலையின் கடன். அந்தக் கேள்விக்கு இடமில்லாத வகுப்பறையிலிருந்து எத்தனை கொப்பிகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டாலும், கல்வி இலவசமாயிற்று என்று கூறுதல் நிறைவுடையதாகாது.